பாகையும் பக்குவமும்: ஊவாத் தேயிலைத் தொழிற்சாலைகளில் வெப்ப அளவையின் வரலாறு

மலையகத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் குடிப்பெயர்ச்சியை எழுதினர். கங்காணி முறையை எழுதினர். குடியுரிமைப் பறிப்பையும் தொழிற்சங்கங்களின் எழுச்சியையும் எழுதினர். கொழுந்து பறிக்கும் பெண்ணின் கூடையும் பாட்டும் ஆய்வுக்குரிய பொருள்களாயின. ஆனால் அக்கூடை மலைச்சரிவை விட்டு இறங்கித் தொழிற்சாலையின் வாயிலைக் கடந்த பின்னர் கொழுந்துக்கு என்ன நேர்ந்தது, அதை யார் எவ்வாறு பக்குவம் செய்தனர் என்பன போன்ற வினாக்களைப் பொறியியலாளருக்கு விட்டுவிட்டோம். தோட்டத்து மக்கள் ‘ஸ்டோர்’ என்றழைக்கும் அக்கட்டடத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் ஒரு சிறு கூறாகிய வெப்ப அளவையை மட்டும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

களமாகக் கொள்வது பதுளை மாவட்டத்தின் தென்விளிம்பு. கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக வரும் பெருந்தெரு பெரகலையைக் கடந்து வெல்லவாயவை நோக்கி இறங்கும் வழியில் கொஸ்லந்த என்னும் சிற்றூர் உள்ளது. 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும அருவி அதற்கு அணித்தே உள்ளது. ஊரின் மேலே பூனாகலையும், மேற்கே அல்துமுல்லையும், அதற்கும் மேலே அப்புத்தளையும் தேயிலையால் மூடப்பட்ட மலைகளாக எழுகின்றன. கீழே தென்சமவெளி வெயிலில் கிடக்கிறது. சில மைல் தூரத்தினுள் குளிரும் வெம்மையும், மூடுபனியும் வறண்ட காற்றும் அடுத்தடுத்து அமைந்த இந்நிலத்திலே, தேயிலை செய்பவன் வெப்பத்தை அளவாது தப்ப முடியாது. எதைக் கொண்டு அளந்தான், எங்கே வைத்து அளந்தான், அளவைப் பார்த்தவனுக்கு அதன்படி நடக்கும் உரிமை இருந்ததா என்னும் மூன்று வினாக்களே இனி வருவனவற்றை நடத்திச் செல்லும். இவற்றுள் முதல் வினாவையே கருவி விற்போர் எக்காலத்தும் பெரிதாக்கிக் காட்டி வந்துள்ளனர். மற்ற இரண்டுமே பெரியவை என்பது எமது துணிபு.

கையும் மூக்கும்

1869இல் தோன்றிய கோப்பி இலைநோய் இலங்கையின் கோப்பிப் பயிரைச் சில பத்தாண்டுகளில் அழித்தது. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1867இல், கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். அவருடைய முதல் தொழிற்சாலை அவர் குடியிருந்த பங்களாவின் விறாந்தையேயாகும். மேசைமீது கொழுந்தைக் கையால் உருட்டினர். களிமண் அடுப்பில் கரி நெருப்பிட்டு, அதன்மேல் கம்பித் தட்டுகளை வைத்து உலர்த்தினர்.

இம்முறையில் வெப்பத்தை அளந்த கருவி மனித உடலே. தட்டின் மேலே பிடித்த உள்ளங்கை நெருப்பின் அளவைச் சொல்லிற்று. எழும் மணம், பச்சை வாசனை நீங்கிற்றா, தீய்தல் தொடங்கிற்றா என்பதைச் சொல்லிற்று. விரலிடையே நொறுங்கும் இலையின் ஓசை, ஈரம் போயிற்றா என்பதைச் சொல்லிற்று. இதனை ஏதோ காட்டுமிராண்டிக் காலத்து வழக்கம் என்று எண்ணிவிடலாகாது. சோறு வடிக்கும் பதத்தையும் பாகு காய்ச்சும் பதத்தையும் நம் தாய்மார் இன்றும் இவ்வாறே அறிகின்றனர். ‘பக்குவம்’ என்னும் நம் சொல், சூடு, நேரம், ஈரம் ஆகிய மூன்றையும் ஒருங்கே குறிப்பது. வெப்பமானியோ மூன்றில் ஒன்றை மட்டுமே அறியும். ஆயினும் கையறிவுக்கு ஒரு குறை இருந்தது. அதை ஒருவர் மற்றொருவருக்கு எழுதி அனுப்ப இயலாது. பல தோட்டங்களை ஒரே கம்பனி வாங்கி, ஒரே தரத்தில் தேயிலை வேண்டும் என்று இலண்டனிலிருந்து கட்டளையிடத் தொடங்கியபோது, எழுதி அனுப்பத்தக்க ஓர் எண் தேவைப்பட்டது.

1890இல் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து அப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கினார். தம்பேதென்னைத் தொழிற்சாலை அவ்வாண்டைச் சேர்ந்தது என்பர். 1893இல் புகையிரதம் அப்புத்தளையை எட்டிற்று. பதுளையை எட்ட 1924 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இரும்பாலான பெரும்பொறிகள் ஊவாவின் மலையேறுவதற்கு அப்பாதை பேருதவியாயிற்று. பொறிகளோடு கண்ணாடி வெப்பமானியும் ஏறிற்று.

இரண்டு வெப்பமானிகள்

தேயிலை உலர்த்தும் பொறியின் வரலாற்றில் தவிர்க்க முடியாத பெயர் சாமுவேல் கிளீலண்ட் டேவிட்சன். அயர்லாந்தினரான இவர் 1864இல் இளைஞராகக் கச்சார் மாவட்டத் தேயிலைத் தோட்டத்திற்கு வந்தவர். கரி அடுப்பின் புகையும் வீணும் கண்டு, வெப்பக் காற்றால் உலர்த்தும் பொறியை ஆக்கினார். 1881இல் பெல்பாஸ்ட் நகரில் அவர் நிறுவிய ‘சிரோக்கோ’ தொழிலகத்தின் பெயர், பாலைவனத்து வெங்காற்றின் பெயராகும். அப்பெயர் கிழக்குலகின் தேயிலை மலைகள் எங்கும் இரும்பில் வார்க்கப்பட்டு நின்றது.

பின்னர் பரவலாகிய தொடர்சங்கிலி உலர்த்தியின் அமைப்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். அடுப்பில் விறகு எரிகிறது. புகை குழாய்களின் உள்ளே செல்ல, தூய காற்று அக்குழாய்களின் புறத்தே சூடேறி விசிறியால் உலர்த்தியின் அடியில் தள்ளப்படுகிறது. துளையிட்ட தட்டுகள் சங்கிலியில் மெல்ல நகர்கின்றன. நொதித்த இலை மேல்தட்டில் விழுந்து, ஒவ்வொரு தட்டாகக் கீழிறங்கி, ஏறத்தாழ 20 நிமிடத்தில் 3 வீத ஈரத்தோடு வெளிவருகிறது. காற்று கீழிருந்து மேலே போகிறது; இலை மேலிருந்து கீழே வருகிறது.

இவ்வமைப்பில் இரண்டு வெப்பமானிகள் இடம்பெற்றன. ஒன்று, வெப்பக் காற்று உட்புகும் அடிவாயில். மற்றொன்று, ஈரக் காற்று வெளியேறும் மேல்வாயில். உட்புகு காற்று பொதுவாக 190 முதல் 210 பாகை பாரன்ஹைட் வரை, அதாவது 88 முதல் 99 பாகை செல்சியஸ் வரை நிறுத்தப்பட்டது. வெளியேறு காற்று 125 முதல் 130 பாகை பாரன்ஹைட், அதாவது 52 முதல் 54 பாகை செல்சியஸ். பொறியின் உடலில் அருகருகே நின்ற இவ்விரு எண்களே ஊவாவின் ஸ்டோர்களில் மூன்று தலைமுறையினரின் கவலையாக இருந்தன.

இவற்றை ஒருங்கே படிப்பதுதான் வித்தை. உட்புகு காற்று நிலையாக நிற்க, வெளியேறு காற்று மட்டும் இறங்கினால், இலை மிகுதியாக இடப்பட்டுள்ளது, அல்லது வாடல் குறைந்த ஈர இலை வந்துள்ளது. அடுப்பில் குற்றம் இல்லை. இரண்டும் சேர்ந்து இறங்கினால் நெருப்பு தணிந்துவிட்டது. உட்புகு காற்று நிலையாக நிற்க, வெளியேறு காற்று ஏறினால், தட்டில் இலை மெலிவாகவோ திட்டுத்திட்டாகவோ கிடக்கிறது. இதனை அறியாதவர், வெளியேறு காற்று இறங்கியதும் விறகை அள்ளிப் போடச் செய்வார். சற்று நேரத்தில் மிகையான சூடு கீழ்த்தட்டிலுள்ள உலர்ந்த இலையைத் தீய்த்துவிடும். மேல்தட்டின் ஈர இலையோ வெளிப்புறம் காய்ந்து உள்ளே ஈரம் தங்கிய நிலையை அடையும். அத்தகைய தேயிலை பெட்டியில் அடைத்த பின் பூஞ்சணம் பிடிக்கும். மறுதலையாக, வெளியேறு காற்று 120 பாகை பாரன்ஹைட்டுக்குக் கீழே நெடுநேரம் கிடந்தால், நொதித்தல் அடங்காமல் ஈரவெப்பத்தில் தொடர்ந்து இலை வெந்து போகும். சாற்றின் துடிப்பு மங்கிவிடும். கொழும்பு ஏலத்தில் சுவைஞர் ஒரு மிடறில் இதனைக் கண்டுகொள்வர்; அந்த மிடறின் விலை தோட்டத்தின் கணக்கில் ஏறும்.

இவ்விரண்டு எண்களும் மெய்யானவையாக இருத்தற்கு வெப்பமானி மட்டும் செம்மையாக இருந்தால் போதாது. குமிழ் எங்கே நிற்கிறது என்பதே முக்கியம். உட்புகு வாயிலின் குமிழ் செஞ்சூடான அடுப்புக் குழாய்களை நேரே பார்த்து நின்றால், காற்றின் சூட்டோடு குழாயிலிருந்து கதிர்வீசும் சூட்டையும் சேர்த்துக் காட்டும். தகட்டு மறைப்பு ஒன்று இடையே வேண்டும். மேல்வாயிலின் குமிழ் ஓரத்தில் நின்றால், கதவிடுக்கால் புகும் குளிர்காற்றில் குறைவாகக் காட்டும். குமிழுள்ள தண்டு போதிய ஆழம் உட்செல்லாவிடின் வெப்பம் தண்டின் வழியே சுவருக்குக் கடத்தப்பட்டுவிடும். தண்டின் விட்டத்தைப் போல் பத்து மடங்கேனும் காற்றினுள் செல்ல வேண்டும் என்பது பொறியியலார் கொள்ளும் விதி. உடையாதிருக்க உலோக உறையிட்டால் காப்புக் கிடைக்கும், ஆயின் வேகம் குறையும்: காற்று மாறி நெடுநேரம் கழிந்தே இரசம் அசையும். சென்ற நூற்றாண்டின் கண்ணாடிக்கும் இன்றைய மின்கருவிக்கும் இவை யாவும் ஒருபடித்தாகப் பொருந்துவன. நூறு ஆண்டுகளில் கருவி பலமுறை மாறியிருக்க, அதை வைக்கும் இடத்தைப் பற்றிய இவ்வறிவு ஓர் எழுத்தும் மாறாதிருப்பது வியப்பன்று. காற்றும் இலையும் மாறவில்லையே.

கச்சான் காற்றும் ஈரத் துணியும்

ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் தந்தது யூலை முதல் செப்ரெம்பர் வரையிலான பருவமாகும். தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைகளின் மேற்சரிவில் தன் மழையைக் கொட்டிவிட்டு, உலர்ந்து வெதுவெதுப்பாகி ஊவாவுக்குள் இறங்கும். அதனையே மக்கள் கச்சான் என்பர். அக்காற்றில் செடி தவிக்கிறது; தவிக்கும் இலையிலே மணப்பொருள்கள் பெருகுகின்றன. மெதைல் சலிசிலேற்று என்னும் சேர்மமே ஊவா மணத்திற்குச் சிறப்பான காரணம் என்று பிற்கால இரசாயன ஆய்வுகள் காட்டின. செடியின் துன்பம் கோப்பையில் இன்பமாகிறது என்று ஒரு புலவன் பாடக்கூடும்; நமக்கு வேண்டியது அக்காற்றை அளந்த விதம்.

பறித்த கொழுந்தை முதலில் வாட்ட வேண்டும். பழைய ஸ்டோர்களின் மேல்மாடிகள் முழுவதும் சாக்குத் துணி விரித்த அடுக்குகளால் நிறைந்திருந்தமை இதற்காகவே. 1960கள் முதல் அடியிலிருந்து காற்றூதும் நீண்ட தொட்டிகள் பரவின. இரண்டிலும் அறிய வேண்டியது காற்றின் உலர்த்தும் வலிமை. அதற்கு ஒரு வெப்பமானி போதாது, இரண்டு வேண்டும். ஒன்று வெறுங் குமிழ். மற்றதன் குமிழில் நீரில் தோய்ந்த மெல்லிய துணி சுற்றப்பட்டிருக்கும். துணியின் நீர் ஆவியாகும்போது குமிழ் குளிரும். காற்று எவ்வளவு உலர்ந்ததோ அவ்வளவுக்கு இரண்டின் வேறுபாடு மிகும். மூடுபனி நாளில் இரண்டும் 16 பாகை செல்சியஸ் என்று ஒன்றாய் நிற்கும், இலை வாடாது, அடுப்பின் வெப்பக் காற்றைக் கலந்தாக வேண்டும், அதுவும் 35 பாகையைத் தாண்டாமல். கச்சான் நாளில் உலர்குமிழ் 24, ஈரக்குமிழ் 17 என்று நின்றால் காற்றின் சாரீரப்பதன் ஏறத்தாழப் பாதியே. அன்று சூடு வேண்டாம், விசிறியையும் அடக்க வேண்டும். இன்றேல் விடியுமுன் கொழுந்து கருகிவிடும்.

ஈரக்குமிழ் என்பது உண்மையில் ஒரு செயற்கை இலை. நீர் கொண்ட பச்சைக் கொழுந்து காற்றில் கிடக்கையில் அதுவும் இவ்வாறே குளிர்கிறது. ஈரம் நிரம்பியிருக்கும்வரை அதன் வெப்பநிலை ஈரக்குமிழ் காட்டும் அளவையே ஒட்டி நிற்கும். எனவே துணி சுற்றிய குமிழைப் பார்ப்பவர், தொட்டியிலுள்ள இலை என்ன உணர்கிறது என்பதையே பார்க்கிறார். இத்துணை நுட்பமான கருவியின் உயிர் ஒரு விரல் அகலத் துணியில் இருந்தது. துணியில் தேயிலைத் தூசியும் எண்ணெயும் படிந்தால் நீர் ஏறாது. ஊற்றுநீரின் உப்புப் படிந்தாலும் ஆகாது. மழைநீரோ வடிநீரோ வேண்டும். மேற்சொன்ன கச்சான் நாளில், அழுக்குத் துணியால் ஈரக்குமிழ் 17க்குப் பதிலாக 19 என்று காட்டினால், சாரீரப்பதன் அறுபது வீதத்தைத் தாண்டிவிட்டதாகக் கணக்கு வரும். டீமேக்கர் சூட்டைக் கூட்டச் சொல்வார். பருவத்தின் மிகச் சிறந்த கொழுந்து அன்றிரவே பாழாகும். ஆராய்ச்சி நூல்கள் பெரிய வாய்பாடுகளைப் பேசுகையில் துணியை மாற்றுபவரைப் பேசுவதில்லை.

1925இல் தோற்றுவிக்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் நிலைகொண்ட பின்னர் இவ்வளவைகள் முறைப்படுத்தப்பட்டன. அதன் வெளியீடாக 1958இல் வந்த கீகலின் இலங்கைத் தேயிலை உற்பத்தி பற்றிய நூல் நெடுங்காலம் ஸ்டோர்களின் கைந்நூலாய் விளங்கிற்று. நொதித்தல் பற்றியும் ஒரு சொல்: உருட்டிய தூள் பரப்பிய படுக்கையில் வெப்பமானியைச் செருகிப் பார்ப்பர். பெயர் நொதித்தல் ஆயினும் நிகழ்வது நொதியத்தால் ஆகும் ஒட்சியேற்றம். அது தானே வெப்பத்தைப் பிறப்பிக்கும். அறையை 24 முதல் 27 பாகை வரை குளிர்மையாக வைப்பதும் படுக்கையை மெலிதாக்குவதும் அதனாலேயே.

கொதிநீர் தந்த குழப்பம்

வெப்பமானி மெய் சொல்கிறதா என்று சோதிக்க நம் பாடசாலைகளில் இரண்டு வழிகள் கற்பிக்கப்படுகின்றன: உருகும் பனிக்கட்டியில் 0, கொதிக்கும் நீரில் 100. இரண்டாவது வழி மலைநாட்டில் பொய்க்கும். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 மீற்றர் உயரும்தோறும் நீரின் கொதிநிலை ஒரு பாகை செல்சியஸ் குறைகிறது. 1,400 மீற்றருக்கு மேலுள்ள அப்புத்தளையில் நீர் ஏறத்தாழ 95 பாகையில் கொதித்துவிடும். இதை மறந்து, கொதிநீரில் 95 காட்டிய நல்ல வெப்பமானியைப் பழுதெனக் கருதி ஐந்து பாகையைக் கூட்டிப் படிப்பவர், உலர்த்தியை ஐந்து பாகை குறைவாக ஓட்டுவார். இத்தகைய தவறு கொழும்பில் எழுதப்பட்ட அறிவுறுத்தலை மலையில் எழுத்துப்படி பின்பற்றுவதால் நேர்வது. பனிக்கட்டிச் சோதனைக்கு உயரம் தடையன்று. முன்னாளில் பனிக்கட்டிதான் தோட்டத்தில் அரிது!

கண்ணாடியிலிருந்து கம்பிக்கு

வெப்பத்தை மின்னால் அளக்கும் முறைகள் தேயிலைத் தொழிற்சாலையினும் மூத்தவை. இரு வேறு உலோகக் கம்பிகளை இரு முனைகளிலும் இணைத்து, முனைகளை வெவ்வேறு சூட்டில் வைத்தால் அச்சுற்றில் மின் எழுகிறது என்பதை 1821இல் சீபெக் கண்டார். பிளாற்றினக் கம்பியின் மின்தடை சூட்டோடு ஏறுவதை 1871இல் வில்லியம் சீமென்ஸ் வெப்பமானியாக்க முயன்றார். 1880களின் பிற்பகுதியில் கலெண்டர் அதனை நம்பத்தக்கதாக்கினார். இவை உருக்காலைகளையும் ஆய்வுகூடங்களையும் முதலில் அடைந்தன. தேயிலைக்கோ பன்னெடுங்காலம் இரசக் கண்ணாடியும், பின்னர் முட்கரம் சுழலும் வட்ட முகப்புக் கருவியுமே போதுமாயின. 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் முகாமை மீண்டும் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. அதற்குப் பிந்திய காலத்திலேயே மின்னுணரிகள் பரவலாயின. 2013இல் நிறைவேறிய மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்து, இரச வெப்பமானிகளின் உற்பத்தியை 2020 உடன் நிறுத்த விதித்தது. உடைந்த குமிழின் இரசம் உணவுப் பொருளில் கலக்கும் இடர் ஒன்றே அதனை விலக்கப் போதிய காரணமாகும்.

இன்று ஒரு ஸ்டோருக்கு உணரி தெரிபவர் முன்னே பெரும்பாலும் இரண்டு நிற்கும். ஒன்று பிளாற்றினத் தடை உணரி: 0 பாகையில் 100 ஓம், 100 பாகையில் 138.5 ஓம். நடுத்தர வகுப்பைச் சேர்ந்ததுகூட 100 பாகையில் ஒரு பாகைக்கும் குறைந்த பிழையே தரும். மற்றது நிக்கல் கலப்புலோகங்களாலான ‘கே’ வகை வெப்ப இணை: உரமானது, மலிவானது, ஆயிரம் பாகைக்கு மேலும் தாங்குவது, ஆயின் சாதாரண வகுப்பில் இரண்டரைப் பாகை வரை பிழை பொறுக்கப்படும். வாடல் தொட்டியின் உலர்குமிழ் ஈரக்குமிழ் வேறுபாட்டிற்கு இரண்டரைப் பாகைப் பிழை என்பது அளவாமல் இருப்பதற்குச் சமம்; அங்கே பிளாற்றினமே வேண்டும். அடுப்பின் புகைவழியில் வெப்ப இணையே ஏற்றது. அங்கே இரண்டரைப் பாகையைப் பற்றி எவரும் கவலைப்படார். உலர்த்தியின் இரு வாயில்களுக்கும் பிளாற்றினத்தையே எமது தேர்வாகக் கூறுவோம், பின்வரும் காரணத்திற்காக.

வெப்ப இணையிலிருந்து காட்டும் கருவிவரை அதே வகைக் கம்பியோ அதற்கீடான கம்பியோ செல்ல வேண்டும். அக்கம்பி அறுந்தால், அவசரத்தில் கைக்கெட்டிய செப்புக் கம்பியால் ஒட்டுப் போடுவது நம் தொழிற்சாலைகளில் இயல்பு. கருவி அணையாது, எண்ணும் காட்டும். அதுவே ஆபத்து. உலர்த்தியின் காற்று மெய்யாக 95 பாகை. உணரியின் தலைப்பெட்டி அனலருகே 45 பாகை. காட்டும் கருவி குளிர்ந்த அறையில் 25 பாகை என்க. இடையே செப்புக் கம்பி வந்ததும், 45க்கும் 25க்கும் இடைப்பட்ட 20 பாகை கணக்கிலிருந்து விழுந்துவிடும். கருவி 75 என்று காட்டும். பார்த்தவர் விறகு போடச் சொல்வார். கருவி 95 காட்டும்போது உலர்த்தியினுள்ளே 115! முற்றிலும் பழுதான கருவி தீங்கற்றது. பாதி பழுதானதே தேயிலையைத் தீய்ப்பது. பிளாற்றின உணரிக்குச் சாதாரணச் செப்புக் கம்பியே போதும். மூன்று கம்பிகளாய் இட்டால் கம்பியின் தடையும் கழிக்கப்படும். ஒட்டுப் போடும் கையை அறிந்து உணரியைத் தெரிய வேண்டும் என்பதே இதன் பொருள்.

யார் பார்த்தார், யார் நடந்தார்

மூன்றாம் வினாவுக்கு வருவோம். ஸ்டோரின் நாளேட்டில் மணிக்கு மணி எழுதப்பட்ட வெப்பநிலைகள் ஆங்கிலத்தில், டீமேக்கரின் அல்லது அவருடைய உதவியாளரின் கையால் எழுதப்பட்டன. அடுப்பண்டை நின்று விறகிட்டவரும், தட்டில் இலை பரப்பியவரும், தொட்டியில் கொழுந்தைக் கிளறியவரும் பெரும்பாலும் தமிழர். அவர்கள் அவ்வேட்டில் இல்லை. உலர்த்தி ‘இரைக்கும்’ ஓசையாலும், வெளியேறும் ஆவியின் மணத்தாலும், வெப்பமானி சொல்லுமுன்னரே அவர்கள் அறிந்தது ஏராளம். ஆயின் அறிந்ததன்படி காற்றடைப்பைத் திறக்கவோ இலையைக் குறைக்கவோ உரிமை வேறொருவரிடம் இருந்தது. கருவி வந்தபின் கையறிவு அழியவில்லை என்பதையும், பெயரும் கூலியும் மட்டுமே அதற்குக் கிட்டவில்லை என்பதையும் வரலாற்றாசிரியர் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1964இன் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையும் இவ்வறிவின் மேலும் விழுந்தன. அவ்வுடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கென வகுத்தது. தலைமன்னாரில் கப்பலேறியோருள் ஸ்டோரில் தொழில் பழகியவர்களும் இருந்தனர் என்பதில் ஐயமில்லை. தாயகம் திரும்பியோர் மறுவாழ்வுக்கெனத் தமிழ்நாட்டரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டம், 1970களின் நடுப்பகுதியில் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. ஊவாவின் கச்சானில் பழகிய கைகள் நீலகிரியின் மூடுபனியில் மீண்டும் முதலிலிருந்து பக்குவம் கற்றன. இங்கே எஞ்சிய ஏடுகளில் 130 என்னும் எண் இருந்தது. அந்த எண்ணை நிறுத்தத் தெரிந்தவர் அக்கரையில் இருந்தார்.

அளவுக்கும் செயலுக்கும் இடைப்பட்ட இவ்விடைவெளி தேயிலையோடு நின்றிருப்பின் இழப்பு விலையளவில் முடிந்திருக்கும். கொஸ்லந்தவின் பெயர் உலகச் செய்திகளில் வந்தது வேறொரு காரணத்தால். 2014 ஒக்ரோபர் 29ஆம் நாள் காலை, அம்பிட்டிகந்தைத் தோட்டத்தின் மீரியபெத்தப் பிரிவின் மேல் மலை சரிந்தது. லயங்கள் மண்ணில் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானது என்றும் மக்களை அகற்ற வேண்டும் என்றும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கையை எழுதியவர் வேறு. வீடும் காணியும் தந்து மக்களைப் பெயர்க்கும் அதிகாரம் உடையவர் வேறு. மலையடியில் உறங்கியவர் வேறு. லயத்தை விட்டால் சென்று தங்குவதற்குத் தமக்கென ஓர் அடி நிலம் அற்றவரிடம், எச்சரிக்கை கேட்டும் ஏன் போகவில்லை என்று வினவியோர் பலர். தோட்ட நிலத்தின் வரலாற்றை அறியாத வினா அது. ஸ்டோரின் நாளேட்டில் நாம் கண்ட அதே பிரிவினை இங்கே உயிர்களின் மேல் விழுந்தது.

அண்மைக் காலத்து ஸ்டோர்களில் உணரிகளின் எண்களை ஒரு திரையில் திரட்டிக் காட்டும் ஏற்பாடு வந்துள்ளது. கண்ணாடித் தண்டு உலர்த்தியின் உடலிலேயே நின்றதால் விறகிடுபவரும் அண்ணாந்து பார்த்துக்கொள்ள இயன்றது. திரை அலுவலறைக்குள் போய்விட்டால் அந்தச் சிறு வசதியும் அற்றுப்போகும். பிளாற்றின உணரியிலிருந்து இரண்டாவது காட்டி ஒன்றை எடுத்து அடுப்பின் முகத்தருகே பொருத்துவது கடினமான வேலையன்று. ‘உள்காற்று’, ‘வெளிக்காற்று’ என்று தமிழிலும் சிங்களத்திலும் அதன்கீழ் எழுதி, வெளிக்காற்று மட்டும் இறங்கினால் இலையைக் குறைக்கும் உரிமையை அங்கு நிற்பவருக்கே கொடுத்துவிடலாம். உணரி வாங்கும் பட்டியலில் இந்த இரண்டாவது காட்டியையும் சேர்த்தெழுத வேண்டும்; ஈரக்குமிழுக்கு மாற்றுத் துணியும் மழைநீர்ப் போத்தலும் அப்பட்டியலிலேயே இடம்பெற வேண்டும்.